ஊசி போட்டாயிற்று, உடம்பு ஏற்றுக்கொண்டதா?



ரத்தப் புற்றுநோய் உள்ள ஒருவர் கோவிட் தடுப்பூசி போட்டுக்கொண்டு வீடு திரும்புகிறார். அந்த ஊசி தன் உடம்பில் வேலை செய்ததா என்பதை, விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, வீட்டிலேயே அவரால் தெரிந்துகொள்ள முடியுமா? தெரிந்துகொண்டால் என்ன பயன்? இந்த இரண்டு கேள்விகளைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். பெரும்பாலும் பிரிட்டனில் நடந்ததையே சொல்லப் போகிறேன். வீட்டிலிருந்தபடியே இந்தச் சோதனையைச் செய்துபார்க்கும்படி நாடெங்கும் ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்குக் கடிதம் போன இடம் அது.

2020 மார்ச் மாதக் கடைசியில் பிரிட்டன் அரசு ஒரு பட்டியல் தயாரித்தது. கோவிட் வந்தால் மிக மோசமாகப் பாதிக்கப்படக்கூடியவர்களின் பட்டியல். பின்னர் அது வளர்ந்து, இங்கிலாந்தில் மட்டும் சுமார் 22 லட்சம் பேர் அதில் சேர்ந்தார்கள். வீட்டை விட்டு வெளியே வராதீர்கள், வீட்டுக்குள்ளேயும் முடிந்தவரை மற்றவர்களிடமிருந்து தள்ளியே இருங்கள் என்று அவர்களுக்குக் கடிதம் போயிற்று. லுக்கேமியா, லிம்போமா, மைலோமா இந்த மூன்றும் சிகிச்சையின் எந்தக் கட்டத்தில் இருந்தாலும் அந்தப் பட்டியலில் சேர்ந்தவை. கடைக்குப் போகாமல், பேரப்பிள்ளையைத் தூக்காமல், ஒரே வீட்டுக்குள் தனித் தட்டு, தனி அறை என்று மாதக்கணக்கில் இருந்தவர்கள் அவர்கள். அந்த ஆண்டு டிசம்பர் 8 ஆம் தேதி கோவென்ட்ரி நகரில் முதல் ஊசி போடப்பட்டபோது, அவர்களைவிட ஆவலாகக் காத்திருந்தவர்கள் இருந்திருக்க மாட்டார்கள்.

சில மாதங்களிலேயே முதல் கணக்கு வந்தது. லண்டன் கிங்ஸ் கல்லூரியும் பிரான்சிஸ் கிரிக் நிறுவனமும் சேர்ந்து செய்த ஆய்வு அது. ஃபைசர் ஊசியின் முதல் தவணைக்கு மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது, உடல்நலம் உள்ளவர்களில் 100க்கு 94 பேரிடம் கிருமியை எதிர்க்கும் எதிர்ப்பொருள் உருவாகியிருந்தது. மார்பகம், குடல் போன்ற கட்டிப் புற்றுநோய் உள்ளவர்களில் 38 பேரிடம். ரத்தப் புற்றுநோய் உள்ளவர்களில் 18 பேரிடம் மட்டும். அந்த நேரத்தில் பிரிட்டன் இரண்டாவது தவணையைப் பன்னிரண்டு வாரம் வரை தள்ளிப்போட முடிவு செய்திருந்தது. நிறையப் பேருக்கு விரைவாக முதல் ஊசி கிடைக்கட்டும் என்பது நோக்கம். நாட்டு மக்கள் அனைவரையும் வைத்துப் பார்த்தால் நியாயமான முடிவு. அந்த 18க்குள் வராத 82 பேரின் இடத்தில் நின்று பார்த்தால், பன்னிரண்டு வாரம் என்பது எவ்வளவு நீளம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஏன் இப்படி? இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். இது புரிந்தால்தான் பின்னால் வருகிற எல்லாம் புரியும்.

தடுப்பூசி உடம்புக்குள் போனதும், கிருமியின் மேலிருக்கும் ஸ்பைக் புரதத்தை நம் எதிர்ப்பு மண்டலம் அடையாளம் காண்கிறது. பி செல்கள் என்று ஒரு வகை வெள்ளை அணுக்கள் உண்டு. அவற்றில் அந்தப் புரதத்தோடு சரியாகப் பொருந்துகிறவை பெருகுகின்றன. பெருகியவற்றில் ஒரு பகுதி பிளாஸ்மா செல்களாக முதிர்ந்து எதிர்ப்பொருளைச் சுரக்கத் தொடங்குகிறது. ஆய்வகச் சீட்டில் ஆன்டிபாடி என்று அச்சாகி வருவது இந்த எதிர்ப்பொருள்தான். இப்போது ரத்தப் புற்றுநோய்களின் பெயர்களை வரிசையாக எண்ணிப் பாருங்கள். நாட்பட்ட லிம்போசைட்டிக் லுக்கேமியா பெரும்பாலும் பி செல்களில் வருவது. லிம்போமாக்களில் மிகப் பல பி செல்களில் வருபவை. மைலோமா பிளாஸ்மா செல்களில் வருவது. தடுப்பூசி எந்த அணுக்களை நம்பியிருக்கிறதோ, அதே அணுக்களில் நோய் குடியிருக்கிறது.

அதற்கு மேல் மருந்து. ரிட்டுக்ஸிமாப் பெயரை இந்த அரங்கில் பலர் கேட்டிருப்பீர்கள். 2007லேயே இந்தியாவில் அதற்கு இணையான மருந்து தயாராகி விற்பனைக்கு வந்துவிட்டது. லிம்போமா சிகிச்சையில் எத்தனையோ உயிர்களைக் காத்த மருந்து. பி செல்லின் மேல்புறத்தில் இருக்கும் சிடி20 என்கிற அடையாளத்தைப் பிடித்து அது அந்த அணுவை அழிக்கிறது. அது நோயுற்ற பி செல்லா, நல்ல பி செல்லா என்று அந்த மருந்துக்குத் தெரியாது. களைக்கொல்லி களையோடு நாற்றையும் கருக்கிவிடுவது போலத்தான். கடைசித் தவணை முடிந்து ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம் வரைகூட, ரத்தத்தில் பி செல்களே தென்படாமல் இருக்கலாம். அந்த இடைவெளியில் போடும் தடுப்பூசிக்கு யார் பதில் சொல்வது?

இஸ்ரேலில் நாட்பட்ட லிம்போசைட்டிக் லுக்கேமியா உள்ள 167 பேரை வைத்துச் செய்த ஆய்வு இதை அப்பட்டமாகக் காட்டியது. இரண்டு தவணை ஃபைசர் ஊசிக்குப் பிறகு, மொத்தமாகப் பார்த்தால் 39.5 சதவீதம் பேரிடம் எதிர்ப்பொருள் இருந்தது. சிகிச்சை முடிந்து நோய் அடங்கியிருந்தவர்களில் 79.2 சதவீதம். இன்னும் சிகிச்சையே தொடங்காமல் கண்காணிப்பில் மட்டும் இருந்தவர்களில் 55.2. சிகிச்சையில் இருந்தவர்களில் 16. முந்தைய பன்னிரண்டு மாதங்களுக்குள் சிடி20ஐத் தாக்கும் மருந்து ஏற்றிக்கொண்டவர்களில் ஒருவரிடம்கூட இல்லை.

இந்த எண்களை நான் அச்சுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. 79க்கும் பூஜ்யத்துக்கும் இடையில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று காட்டத்தான் சொல்கிறேன். நோயின் பெயரை மட்டும் வைத்து ஒருவருக்கு ஊசி வேலை செய்ததா என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் லுக்கேமியா லிம்போமா சங்கம் தன் பதிவேட்டில் இருந்த 1,445 பேரைப் பரிசோதித்தபோதும் இதே படம்தான் வந்தது. மொத்தத்தில் நான்கில் ஒருவரிடம் எதிர்ப்பொருள் தென்படவில்லை. ஆனால் நாட்பட்ட மைலாய்டு லுக்கேமியா உள்ளவர்களில் ஏறக்குறைய எல்லோரிடமும் இருந்தது, பி செல் நோய்கள் உள்ளவர்களிடம்தான் பெரிய ஓட்டை. ஒரே வெளிநோயாளிப் பிரிவில், அடுத்தடுத்த நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரில் ஒருவருக்குக் காப்பு இருக்கும், இன்னொருவருக்கு இருக்காது. பார்த்தால் தெரியாது. பரிசோதித்தால்தான் தெரியும்.

அப்படியானால் எல்லோரும் ஆய்வகத்துக்குப் போய் ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடலாமே என்று தோன்றும். ஆனால், இவர்கள்தான் வெளியே போகக்கூடாது என்று சொல்லப்பட்டவர்கள். காத்திருப்பு அறைதான் அவர்களுக்கு ஆபத்தான இடம். சோதனை அவர்கள் வீட்டுக்கு வர வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட்டு மேலே போகிறேன். நம் ஊர் மருந்துக் கடைகளில் 2021 மே மாதத்துக்குப் பிறகு கிடைத்த கோவிசெல்ஃப் போன்ற வீட்டுக் கிட்டுகள் மூக்கில் பஞ்சுக் குச்சி விட்டுப் பார்ப்பவை. கிருமி இப்போது உடம்பில் இருக்கிறதா என்று அவை சொல்லும். நான் பேசுவது வேறு. இது ரத்தத்தில் பார்ப்பது. கிருமியை எதிர்க்கத் தேவையானது உடம்பில் உருவாகியிருக்கிறதா என்று பார்ப்பது. கிட் இரண்டும் பார்ப்பதற்கு ஏறக்குறைய ஒன்றாக இருக்கும், இரண்டிலும் கோடுதான் தெரியும். முதலாவதில் கோடு விழுந்தால் கவலை, இரண்டாவதில் விழாவிட்டால் கவலை.

லண்டன் இம்பீரியல் கல்லூரி 2020 கோடையிலேயே ரியாக்ட்-2 என்ற பெரிய கணக்கெடுப்பைத் தொடங்கியிருந்தது. விரல் குத்திப் பார்க்கும் கிட்டுகளைத் தபாலில் அனுப்பி, லட்சத்துக்கும் மேற்பட்ட சாதாரண மக்களை வீட்டிலேயே சோதிக்கச் செய்தார்கள். ஒரு பயிற்சியும் இல்லாத மக்கள் செய்துமுடித்தார்கள். அந்த அனுபவத்தின் மேல்தான் 2021 டிசம்பரில் மெலடி என்ற ஆய்வு எழுந்தது. உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், அரிய வகைத் தன்னெதிர்ப்பு மூட்டுநோய்கள் உள்ளவர்கள், லிம்போமா முதலிய நிணநீர் அணுப் புற்றுநோய்கள் உள்ளவர்கள் என்று மூன்று கூட்டத்தாரைத் தேசியப் பதிவேடுகளிலிருந்து கண்டுபிடித்துக் கடிதம் அனுப்பினார்கள். குறைந்தது மூன்று தவணை ஊசி போட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 2022 ஜூன் வரை 28,411 பேர் சேர்ந்தார்கள். 23,036 பேரின் சோதனை முடிவு கிடைத்தது. உடல் தளர்ந்தவர்களும் முதியவர்களும் நிறைந்த கூட்டத்தில் 100க்கு 81 பேர் வேலையை முடித்துக் கொடுத்திருக்கிறார்கள் என்றால், அவர்களுக்கு அந்தப் பதில் எவ்வளவு வேண்டியிருந்தது என்று தெரிகிறது அல்லவா? அந்த 81ஐ நான் வெறும் புள்ளிவிவரமாகப் படிப்பதில்லை. கேட்கக் காத்திருந்தவர்களின் கை அது.

ரத்தப் புற்றுநோய்க் கூட்டத்தில் 6,593 பேர். மூன்று தவணையோ அதற்கு மேலோ போட்ட பிறகும் அவர்களில் 1,366 பேருக்குக் கோடு விழவில்லை. ஐந்தில் ஒருவர். இன்னொரு கோணத்தில் பார்த்தால் ஐந்தில் நான்கு பேருக்குக் கோடு விழுந்திருக்கிறது. ஊசியே வீண் என்று சோர்ந்திருந்தவர்களுக்கு அதுவும் பெரிய செய்தி. தவணை கூடக்கூடக் கோடு விழுந்தவர்களின் விகிதமும் கூடியிருந்தது. முதல் இரண்டு ஊசிக்கு அசையாத உடம்பு மூன்றாவதுக்கோ நான்காவதுக்கோ அசைவது உண்டு.

வீட்டில் இதைச் செய்வது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். கையை வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடைத்து, கீழே தொங்கவிட்டு ரத்தம் இறங்கச் செய்ய வேண்டும். நடுவிரல் அல்லது மோதிர விரல் நுனியின் பக்கவாட்டில் சிறு ஊசிமுனையால் ஒரு குத்து. வரும் சொட்டைக் கிட்டின் குழியில் விட்டு, உடன் வரும் கரைசலைச் சில துளிகள் சேர்க்க வேண்டும். ரத்தம் பட்டையில் ஊர்ந்துபோகும். அதில் எதிர்ப்பொருள் இருந்தால் பட்டையில் ஒட்டவைத்திருக்கும் துகள்கள் குறிப்பிட்ட இடத்தில் பிடித்துக்கொண்டு கோடாகத் தெரியும். பக்கத்தில் இன்னொரு கோடு எப்போதும் விழ வேண்டும். அது சோதனை சரியாக நடந்தது என்பதற்கான அடையாளம். அது விழாவிட்டால் முடிவு செல்லாது. சொன்ன நிமிடத்துக்குள் பார்த்துவிட வேண்டும், அதற்கு மேல் தெரியும் மங்கல் கோட்டை நம்பக் கூடாது.

சர்க்கரை நோய்க்காகத் தினம் விரல் குத்துகிறவர்களுக்கு இது ஒன்றுமில்லை. ஆனால், ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவரின் விரல் வேறு விரல். வின்கிரிஸ்டின், போர்டிசோமிப் போன்ற மருந்துகளை எடுத்தவர்களில் பலருக்கு விரல் நுனிகள் மரத்துப்போய், சொட்டு எங்கே விழுகிறது என்பதே தெரியாமல் இருக்கும். தட்டணுக்கள் குறைந்தவர்களுக்குக் குத்திய இடத்தில் ரத்தம் எளிதில் நிற்காது. கிட்டில் சொன்ன பஞ்சுத் துண்டு போதாது, நெடுநேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். ரத்த எண்ணிக்கை மிகவும் குறைந்திருக்கும் வாரங்களில் வீட்டில் விரல் குத்தவே கூடாது என்பது என் கருத்து. மருத்துவமனையில் எப்படியும் ரத்தம் எடுப்பார்கள், அந்தக் குழாயிலிருந்தே பார்த்துவிடலாம். தயாரிப்பாளர்கள் கிட்டோடு வைக்கும் தாளில் இப்படிப்பட்டவர்களை நினைத்து நான்கு வரி சேர்த்தால் நன்றாக இருக்கும்.

இப்போது சர்ச்சைக்கு வருகிறேன். 2021 மே 19 அன்று அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. தடுப்பூசி போட்டவர்கள் தங்களுக்குக் காப்பு இருக்கிறதா என்று அறிய எதிர்ப்பொருள் சோதனையைப் பயன்படுத்த வேண்டாம் என்றது. காரணங்கள் வலுவானவை. இவ்வளவு எதிர்ப்பொருள் இருந்தால் நோய் வராது என்று சொல்ல ஒரு வரையறை அளவு இல்லை. கோடு விழுந்தவர் முகக்கவசத்தைத் தூக்கி எறிந்துவிடுவார். கோடு விழாதவர் வீணாக நடுங்குவார்.

பொது மக்களைப் பொறுத்தவரை அந்த அறிவுரை முழுக்கச் சரி. ரத்தப் புற்றுநோய் உள்ளவர்களை அந்த அறிவுரைக்குள் அப்படியே அடக்கியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்பதை ஒரு கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன்.

ரியாக்ட்-2க்காகத் தேர்ந்தெடுத்த கிட்டை முன்கூட்டியே சோதித்துப் பார்த்தார்கள். கோவிட் வந்து போனவர்கள் தாங்களே விரல் குத்திப் பார்த்தபோது, எதிர்ப்பொருள் உள்ளவர்களில் 84.4 சதவீதம் பேரை அது சரியாகப் பிடித்தது. எதிர்ப்பொருள் இல்லாதவர்களில் 98.6 சதவீதம் பேருக்கு இல்லை என்று சரியாகச் சொன்னது. அதாவது, இருப்பவர்களில் 100க்குப் பதினைந்து பதினாறு பேரை அது தவறவிடும். இந்தக் கிட்டை உடல்நலத்தோடு ஊசி போட்டுக்கொண்ட ஆயிரம் பேரிடம் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்களில் உண்மையாகவே எதிர்ப்பொருள் உருவாகாதவர்கள் பத்துப் பேர் என்போம். கிட் அந்தப் பத்துப் பேரையும் பிடித்துவிடும், ஆனால் எதிர்ப்பொருள் உள்ள 990 பேரில் சுமார் 154 பேருக்கும் கோடு காட்டாது. ஆக, கோடு விழாத 164 பேரில் பத்துப் பேருக்குத்தான் அது உண்மை. மற்றவர்கள் காரணமே இல்லாமல் தூக்கம் இழப்பார்கள். வேண்டாம் என்று சொன்னது நியாயம்தானே?

அதே கிட்டை நாட்பட்ட லிம்போசைட்டிக் லுக்கேமியா உள்ள ஆயிரம் பேரிடம் கொடுங்கள். அவர்களில் 300 பேருக்கு எதிர்ப்பொருள் உருவாகவில்லை என்று வைத்துக்கொள்வோம். கிட் அவர்களில் 296 பேரைச் சரியாகச் சொல்லும். எதிர்ப்பொருள் உள்ள 700 பேரில் சுமார் 109 பேருக்கும் தவறுதலாகக் கோடு தெரியாமல் போகும். இப்போது கோடு விழாத 405 பேரில் 296 பேருக்கு அது உண்மை. நான்கில் மூன்று பேர். கிட் அதேதான், பட்டை அதேதான், தவறும் அதே அளவுதான். யாருடைய கையில் இருக்கிறது என்பதால் பதிலின் எடை மாறிவிடுகிறது. மீதி நான்கில் ஒருவரை ஆய்வகத்தில் ஒரு முறை பார்த்துப் பிரித்துவிடலாம். ஆயிரம் பேரையும் ஆய்வகத்துக்கு இழுப்பதைவிட 405 பேரைக் கூப்பிடுவது எளிது. வீட்டுச் சோதனையின் இடம் அதுதான் என்று நினைக்கிறேன். தீர்ப்பு சொல்லும் வேலையை அதற்குக் கொடுக்கக் கூடாது. யாரை உடனே கூப்பிட வேண்டும் என்று காட்டும் வேலைக்கு அது போதும்.

கோடு விழாதது சொல்லும் செய்தி கோடு விழுந்தது சொல்லும் செய்தியைவிடக் கனமானது. கோடு விழுந்தவருக்கு எவ்வளவு இருக்கிறது என்று பட்டை சொல்லாது. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தார் நாட்பட்ட லிம்போசைட்டிக் லுக்கேமியா உள்ளவர்களைப் பார்த்தபோது, இரண்டு தவணைக்குப் பின் 75 சதவீதம் பேரிடம் எதிர்ப்பொருள் தென்பட்டது. ஆனால், அதன் அளவு உடல்நலம் உள்ளவர்களைவிடப் பல பத்து மடங்கு குறைவு. இருக்கிறது என்பதும் போதுமான அளவு இருக்கிறது என்பதும் வேறு வேறு. கோடு விழுந்தவர்களும் நெரிசலில் முகக்கவசத்தைக் கழற்ற வேண்டாம்.

மருத்துவமனைக்குள் நிலைமை எப்படி இருந்தது தெரியுமா? காப்பு அறிய எதிர்ப்பொருள் சோதனை வேண்டாம் என்ற அந்த அறிவுரை வந்த சில வாரங்களிலேயே, 2021 ஜூனில், பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு ஒரு முடிவை வெளியிட்டது. கோவிட்டோடு மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கு இரண்டு செயற்கை எதிர்ப்பொருள்கள் கலந்த மருந்தை ஏற்றிப் பார்த்தார்கள். சேரும்போதே ரத்தத்தில் சொந்த எதிர்ப்பொருள் இருந்தவர்களுக்கு அதனால் பயன் தெரியவில்லை. இல்லாதவர்களில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 30 சதவீதம் பேர் 28 நாளுக்குள் இறந்தார்கள், மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களில் 24 சதவீதம். நூறு பேருக்கு ஆறு உயிர். யாருக்கு அந்த மருந்து என்று பிரித்துக் காட்டியது எதிர்ப்பொருள் சோதனைதான். அந்த ஆண்டு செப்டம்பரில் பிரிட்டன் மருத்துவமனைகளுக்கு அந்த மருந்து வந்தபோது, யாருக்கு ஏற்றுவது என்ற முடிவிலும் எதிர்ப்பொருள் சோதனைக்கு இடம் இருந்தது.

மூச்சுத் திணறலோடு படுக்கையில் கிடக்கும்போது நம்பத்தகுந்ததாக இருந்த ஒரு சோதனை, அதே மனிதர் மூன்று வாரத்துக்கு முன் வீட்டில் நலமாக உட்கார்ந்திருந்தபோது பயனற்றது என்று எப்படி ஆகும்? ஆய்வகச் சோதனை வேறு, வீட்டுப் பட்டை வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேள்வி ஒன்றுதான். இந்த உடம்பிடம் எதிர்ப்பொருள் இருக்கிறதா? அந்தக் கேள்வியை ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும் என்பதுதான் நான் இங்கே சொல்ல வந்தது.

எதிர்த்தரப்பு இன்னொன்றும் சொன்னது. இல்லை என்று தெரிந்த பிறகு என்ன செய்வீர்கள்? செய்ய ஒன்றும் இல்லாதபோது சோதித்து என்ன பயன்? இது நேர்மையான கேள்வி. இதற்குப் பதில் இருந்தது, கொஞ்ச காலத்துக்கு. ஈவுஷெல்டு என்று இரண்டு நீண்டகால எதிர்ப்பொருள்களின் கலவை. ஊசியாகப் போட்டால் மாதக்கணக்கில் காப்பு தரும் என்பது எதிர்பார்ப்பு. அமெரிக்கா 2021 டிசம்பரில் அனுமதித்தது. பிரிட்டனில் 2022 மார்ச்சில் அனுமதி கிடைத்தும், அந்த ஆண்டு ஆகஸ்டில் அரசு வாங்குவதில்லை என்று முடிவெடுத்தது. நோயாளி அமைப்புகள் போராடின. அதற்குள் கிருமி உருமாறிக்கொண்டே போயிற்று. 2023 ஜனவரியில் அமெரிக்காவே அந்த மருந்தை நிறுத்திவைத்தது, புதிய வகைகளிடம் அது எடுபடவில்லை. இந்தக் கதையை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் கசக்கிறது. யாருக்கு ஊசி வேலை செய்யவில்லை என்று தெரிந்துகொள்ளும் கருவி கையில் இருந்தது, அவர்களுக்குக் கொடுக்க மருந்தும் இருந்தது, இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் சேரவில்லை. அமெரிக்காவில் 2024 மார்ச்சில் பெமிவிபார்ட் என்ற வேறொரு எதிர்ப்பொருளுக்கு அவசர அனுமதி கிடைத்தது. ஆக, அந்தக் கதவு முழுக்க மூடிவிடவில்லை.

மெலடி ஆய்வில் சேர்ந்தவர்களைத் தொடர்ந்து கவனித்துவந்த கணக்கும் பின்னர் வெளியாயிற்று. ஒமைக்ரான் வகைக் கிருமி பரவிய மாதங்களில், வீட்டுச் சோதனையில் கோடு விழுந்தவர்கள் கோவிட்டுக்காக மருத்துவமனையில் சேர்ந்தது, கோடு விழாதவர்களைவிட வெகுவாகக் குறைவாக இருந்தது. சமையலறை மேசையில் உட்கார்ந்து தாங்களே குத்திப் பார்த்த ஒரு பட்டை, பல மாதம் கழித்து யார் வார்டுக்கு வருவார்கள் என்பதை ஓரளவு முன்பே சொல்லியிருக்கிறது. சோதனையால் பயனில்லை என்ற வாதம் அதற்குப் பிறகு நிற்காது.

ஆனாலும் இரண்டு எச்சரிக்கைகள் சொல்லியே ஆக வேண்டும். முதலாவது, எதிர்ப்பொருள் மட்டுமே காப்பு அல்ல. டி செல்கள் என்று இன்னொரு படை இருக்கிறது. 2021ல் நேச்சர் மெடிசின் இதழில் வந்த ஆய்வில், கோவிட் வந்த ரத்தப் புற்றுநோயாளிகளில் பி செல்கள் குறைந்திருந்தும் சிடி8 என்ற வகை டி செல்கள் நன்றாக இருந்தவர்கள் பிழைத்துவந்தது அதிகம் என்று தெரிந்தது. விரல் குத்தும் பட்டை டி செல்லைப் பார்க்காது. அதனால் கோடு விழாதவர்கள் தடுப்பூசியே வீண் என்று அடுத்த தவணையை விட்டுவிடக் கூடாது. அந்த ஊசி கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வேலை செய்திருக்கலாம்.

இரண்டாவது எச்சரிக்கையை நான் அதிகம் வலியுறுத்துவேன், ஏனென்றால் இதைப் பலரும் கவனிப்பதில்லை. மைலோமாவும் நாட்பட்ட லிம்போசைட்டிக் லுக்கேமியாவும் உள்ள பலருக்கு இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் மருந்தை ஏற்றுகிறார்கள். அது ஆயிரக்கணக்கான கொடையாளிகளின் பிளாஸ்மாவைச் சேர்த்துத் தயாரிப்பது. ஊசி போட்டவர்களும் கோவிட் வந்து போனவர்களும் கொடுத்த பிளாஸ்மா அதில் கலந்திருக்கிறது. ஏற்றிக்கொண்ட சில வாரங்களுக்குள் சோதித்தால் கோடு விழலாம். அது கடன் வாங்கிய எதிர்ப்பொருள். உங்கள் உடம்பு ஊசிக்குப் பதில் சொன்னதா என்று அது காட்டாது. அதனால் சோதித்த தேதியோடு கடைசியாக இம்யூனோகுளோபுலின் ஏற்றிய தேதியையும் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் மருத்துவராலேயே அந்தக் கோட்டைப் படிக்க முடியாது.

நம் ஊர்ச் சீட்டுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆய்வகச் சீட்டில் எண் வரும்போது, அது ஸ்பைக் புரதத்துக்கு எதிரானதா, கிருமியின் உட்பகுதியான நியூக்ளியோகேப்சிட் புரதத்துக்கு எதிரானதா என்று பாருங்கள். கோவிஷீல்டு ஸ்பைக்குக்கு எதிரான எதிர்ப்பொருளை மட்டும் உண்டாக்கும். கோவேக்சின் கொல்லப்பட்ட முழுக் கிருமி என்பதால் இரண்டையுமே உண்டாக்கலாம். கோவேக்சின் போட்டவரின் சீட்டில் நியூக்ளியோகேப்சிட் எதிர்ப்பொருள் இருப்பதைப் பார்த்துவிட்டு, எனக்கே தெரியாமல் கோவிட் வந்து போயிருக்கிறது என்று முடிவுகட்ட வேண்டாம். இரண்டு ஆய்வகங்களின் எண்களையும் அலகு பார்க்காமல் ஒப்பிட வேண்டாம்.

கோடு விழாதவர் என்ன செய்வது? ஆய்வகத்தில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். அடுத்த தவணை ஊசியின் தேதியைச் சிகிச்சையின் தேதியோடு சேர்த்து வைத்துப் பேச வேண்டும். ரிட்டுக்ஸிமாப் தொடங்கப் போகிறார்கள் என்றால் அதற்கு முன்பே போட்டுவிட முடியுமா, தொடங்கிவிட்டது என்றால் முடிந்து எத்தனை மாதம் காத்திருக்கலாம் என்று கேளுங்கள். எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்டவர்களுக்குப் பழைய ஊசிகளின் நினைவு உடம்பில் அழிந்திருக்கும். மாற்றுக்குக் குறைந்தது மூன்று மாதம் கழித்து முதலிலிருந்து மறுபடி போட வேண்டும். வீட்டில் மற்ற எல்லோரும் தங்கள் தவணைகளை விடாமல் போட்டுக்கொள்ள வேண்டும். 

இன்னொன்று, கோவிட் வந்துவிட்டால் என்ன மருந்து என்பதை முன்பே தீர்மானித்து வைத்திருக்க வேண்டும். பிரிட்டனில் 2021 டிசம்பர் முதல், ஆபத்து அதிகமுள்ளவர்களின் வீட்டுக்குச் சோதனைக் கிட்டை முன்கூட்டியே அனுப்பிவைத்து, கோவிட் உறுதியானதும் மருத்துவமனையில் சேர்க்காமலே மருந்து கொடுத்தார்கள். கோடு விழாதவருக்குக் கோவிட் வந்த முதல் ஐந்து நாள் மிக முக்கியம். கோவிட்டுக்குத் தரும் பேக்ஸ்லோவிட் மாத்திரையில் ரிட்டோனாவிர் என்ற மருந்து இருக்கிறது; அது இப்ருடினிப், வெனிட்டோகிளாக்ஸ் போன்ற ரத்தப் புற்றுநோய் மருந்துகளை ரத்தத்தில் ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடும். பேக்ஸ்லோவிட் சாப்பிடும் நாட்களில் இவற்றை நிறுத்துவதா, அளவைக் குறைப்பதா, அல்லது அதற்குப் பதிலாக மூன்று நாள் ரெம்டெசிவிர் ஏற்றுவதா என்பதை ராத்திரி பதினோரு மணிக்குக் காய்ச்சலோடு, வேறொரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நின்றுகொண்டு தீர்மானிக்க முடியாது. அடுத்த முறை உங்கள் ரத்தநோய் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பட்டியலையும், சோதனை முடிவையும், கடைசி இம்யூனோகுளோபுலின் தேதியையும் ஒரே தாளில் எழுதி எடுத்துப்போங்கள். கோவிட் வந்தால் எனக்கு எந்த மருந்து என்று அவரிடம் கேட்டு, பதிலை அதே தாளில் அவர் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.